சராசரி 20,000 மணி நேரம் என்றால் ஜெனரேட்டர் அதுவரை ஓடுமா?

இரு பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் 20,000 மணி என்றால், அதுவரை ஜெனரேட்டர் பழுதாகாது என்று கொள்ளலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். கொள்ளக் கூடாது. பழுது வீதம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் அடுத்த ஒரு மணி நேரத்தில் பழுதாகும் வாய்ப்பு, மாறாதது என்று வைத்துக்கொண்டால், 20,000 மணி நேரத்தைப் பழுதின்றிக் கடக்கும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம்தான். விளம்பரத் தாள்கள் இதைச் சொல்வதில்லை!

உண்மையில் வீதம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சுவீடன் பொறியாளர் வைபுல் 1951இல் எழுதிய கட்டுரையால் பலரும் அறிந்த வைபுல் பரவலை, அதாவது எந்த வயதில் எவ்வளவு பழுது வரும் என்று காட்டும் கணித வாய்பாட்டை, பயன்படுத்துகிறார்கள். அதன் வடிவ அளவுரு என்பது வயது ஏற ஏறப் பழுது வீதம் குறைகிறதா, கூடுகிறதா என்று காட்டும் எண். அது 1-க்குக் கீழே இருந்தால் தயாரிப்பிலோ பொருத்துவதிலோ குறை. 1 என்றால் தற்செயல். மேலே போனால் தேய்மானம். பாகத்தை வயதை வைத்து முன்கூட்டியே மாற்றுவது தேய்மானத்துக்கு மட்டுமே உதவும். மற்ற இரண்டிலும் அது வீண் செலவு, சில சமயம் புதுக் கோளாறு.

பலர் சறுக்குவது தரவில். பழுதான பேரிங்குகளை மட்டும் எண்ணி, இன்னும் ஓடுபவற்றை விட்டுவிட்டால் ஆயுள் குறைவாகத் தெரியும். "9,000 மணி ஓடிவிட்டது, பழுதில்லை" என்பதும் கணக்கில் சேர வேண்டிய தகவல்தான். எரிவாயு டர்பைன் என்றால், எத்தனை முறை இயக்கி நிறுத்தினீர்கள் என்பதையும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு தொடக்கத்தின் வெப்ப மாற்றமும் அதன் சூடான பாகங்களின் ஆயுளைத் தின்கிறது.