கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மலையகத்தில் கழிவு முகாமைத்துவத் தொழில் தொடங்கி வளர்க்க முடியுமா?

முடியும். 2018இல் இருந்து ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் நான் இதைத்தான் செய்கிறேன். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் “குப்பை சும்மா கிடைக்கும், வருவதெல்லாம் இலாபம்” என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. குப்பை சும்மா வருவதில்லை. அள்ள ஆள் வேண்டும், ஏற்ற வண்டி வேண்டும், பிரிக்கக் கூரை போட்ட இடம் வேண்டும்.

நீங்களும் என்னைப் போலக் கொழும்பில் கடையில் நின்று, சேர்த்த காசோடு ஊருக்குத் திரும்ப நினைக்கிறவராக இருப்பீர்கள். 2017 சித்திரைப் புத்தாண்டுக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அம்மா டீவியைப் பார்த்துவிட்டு, “நம்ம பள்ளத்துலயும் இப்படித்தானே கொட்டிக் கெடக்கு” என்றார். அந்தப் பள்ளத்துக்கு நாய்கள் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். அம்மா சொன்னது மனதில் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் மூன்று சாப்பாட்டுக் கடைகளையும் மரக்கறிச் சந்தையையும் பிடித்துத் தொடங்கினேன்.

முதல் வருஷமே பெரிய பிழை ஒன்று செய்தேன். சந்தையில் கழித்துப் போடும் கோவா இலை, லீக்ஸ் தாள், கரட் தழை எல்லாவற்றையும் அள்ளி வந்து எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேல்பக்க மேட்டில் குவித்து, தறப்பாளால் மூடி வைத்தேன். கொம்போஸ்ட் உரம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். ஜூன் மழை பிடித்தது. பத்தாம் நாள் குவியலுக்கு அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்து, லயத்துச் சனம் குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு இறங்கிவிட்டது. காலையில் குடத்தோடு போன பெண்கள் தண்ணீர் பிடிக்காமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்கள். “தம்பி, நீ சல்லி சம்பாதிக்க நாங்க நாத்தத் தண்ணியவா குடிக்கணும்?” என்று மேல் லயத்துப் பெரியம்மா கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாள் மண்வெட்டியோடு நின்று, அவ்வளவையும் தண்ணீருக்குத் தூரமாகக் குழி வெட்டிப் புதைத்தேன்.

வழி சொன்னதும் அதே பெரியம்மாதான். அவர் மாடு வளர்க்கிறவர். “ஈரத்தோட ஈரத்தப் போட்டா அழுகத்தான் செய்யும், காஞ்சதப் போடு” என்றார். அன்றிலிருந்து ஒரு கூடை மரக்கறிக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்த மானாப்புல்லோ மரத்தூளோ போடுகிறேன். இப்போது தரைக்குச் சீமெந்து, மேலே தகரம், கிழமைக்கு ஒருமுறை புரட்டல். கலவையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத் தண்ணீர்தான் வர வேண்டும். குவியலின் நடுவில் இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு இல்லையென்றால் புரட்டுங்கள். எங்கள் குளிரில் எனக்கு நாலரை மாதம் எடுக்கிறது.

ஆனால் கொம்போஸ்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது எங்கள் கொட்டகை வாசலில் வரிசையே நின்றது. நவம்பரில் தடையை நீக்கினார்கள், வரிசையும் போனது. பிளாஸ்டிக் போத்தலும் அப்படித்தான். லொறி நிறைந்திருக்கும், தராசில் ஏற்றினால் ஒன்றும் இருக்காது. ஒரு கிலோவுக்கு வெறும் போத்தல் நாற்பது, ஐம்பது வேண்டும். 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனபோது கொழும்புக்கு ஏற்றுவதையே நிறுத்தினேன். நசுக்கிக் கட்டும் மெஷின் வாங்கிய பிறகுதான் அது கட்டுப்படியானது. எனக்கு மாதா மாதம் நிலையாக வருவது கடைகளும் விடுதிகளும் தரும் அள்ளுகூலி. அதைப் பேசாமல் ஒரு வாளியைக்கூடத் தூக்காதீர்கள். இரண்டு வாளி கொடுங்கள், ஈரம் ஒன்றில், காய்ந்தது ஒன்றில். கலந்து வைத்தால் அள்ளாமல் வந்துவிடுங்கள். நான் அப்படிச் செய்து ஒரு விடுதியை இழந்தேன், இரண்டு மாதத்தில் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள்.

“லயத்துச் சனத்திடமும் கூலி வாங்குவாயா” என்று யாராவது கேட்பீர்கள். வாங்குவதில்லை. அங்கே போத்தலையும் டின்னையும் நான்தான் காசு கொடுத்து எடுக்கிறேன்.

சட்டப் பக்கத்தையும் கவனியுங்கள். பிரதேச சபை அள்ளிய குப்பை சபைக்குச் சொந்தம், அதில் கை வைப்பதற்கு முன் எழுத்தில் உடன்பாடு வேண்டும். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றி இடம் பார்க்கும்போதே விசாரியுங்கள். ஆஸ்பத்திரிக் கழிவு, பூச்சிமருந்து அடிக்கிற போத்தல் இரண்டையும் தொடாதீர்கள், அவற்றுக்கு வேறு உரிமம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மூன்று வருஷக் கணக்குக் கொப்பியைக் கொண்டுபோனேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, காணி உறுதி எங்கே என்றார்கள். லயத்துக்கு ஏது உறுதி? 1823இல் இருந்து எங்கள் சனம் மலையகத் தோட்டங்களில் உழைக்கிறது, பிறந்த வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 2018இல் சட்டத்தைத் திருத்தும் வரை தோட்டத்துக்குள் செலவு செய்யப் பிரதேச சபைக்கே அதிகாரம் இருக்கவில்லை. குப்பை பள்ளத்துக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? “தோட்டத்து ஆளுங்களுக்குச் சுத்தம் தெரியாது” என்று டவுனில் பேசுகிறவர்களைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கடைசியில் அக்காவின் நகையை அடகு வைத்துத்தான் தகரம் வாங்கினேன். இப்போது நாலு பெண்கள் அந்தக் கூரைக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள், அந்தப் பெரியம்மாவின் மகளும் ஒருவர்.

உங்கள் ஊர் எது என்று எழுதுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் ஜூனில் காய்ந்திருக்கும், மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்படியென்றால் காய்ந்த புல் வெட்டிச் சேர்க்க வேண்டிய மாதம் எங்கள் பக்கத்திலிருந்து மாறும்.