தெருமுனை மரத்தடியில் இருபது நிமிடம்

கேள்வி: எனக்கு 49 வயது. சென்னை தியாகராய நகரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். இரண்டு வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். ராத்திரி படுத்தால் ஒரே விஷயம் மனதில் சுற்றிச் சுற்றி வருகிறது, தூக்கம் பிடிக்க ஒரு மணி ஆகிறது. மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருக்கிறார். "நாலு நாள் மலைப்பக்கம் போய் இருந்துவிட்டு வாங்க, சரியாகிடும்" என்கிறார் எங்கள் டாக்டர். அரை மணி நேரம் வீட்டை விட்டு நகர்வதே எனக்குப் பெரும்பாடு. மரம், செடியைப் பார்த்தால் உடம்பு தேறும் என்பது உண்மையா? என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: உண்மைதான் அம்மா. அதற்கு நீங்கள் மலை ஏற வேண்டியதில்லை. நாலு நாள் கொடைக்கானலில் இருந்தால் மனசு லேசாகும், மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் பழைய கவலைகள் வாசலில் நிற்கும். வருடத்துக்கு ஒரு பயணத்தைவிட, வாரம் மூன்று நான்கு முறை பக்கத்து மரத்தடிக்குப் போவதைத்தான் நான் நம்புகிறேன்.

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரின் பதில்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இருந்தவர்களில், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். ஒரே மூச்சில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் பலனில் வித்தியாசமில்லை. நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம், இந்த வகை ஆய்வால் அதை முழுதாகத் தீர்க்க முடியாது.

அதனால்தான் அதே வருடம் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் செய்த சிறிய ஆய்வை உங்களுக்குச் சொல்கிறேன். நகரத்தில் வாழும் 36 பேர், எட்டு வாரம், வாரம் மூன்று முறை, தங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பசுமையான இடத்தில் இருந்தார்கள். போகும் முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். 20 முதல் 30 நிமிடம் இருந்தபோதுதான் அது வேகமாகக் குறைந்தது. அதற்கு மேல் இருந்தாலும் குறைந்தது, ஆனால் மெதுவாக. உங்களிடம் இருக்கும் அந்த அரை மணி நேரம் போதும் என்று நான் தைரியமாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம். அந்த 36 பேரும் அந்த நேரத்தில் போன் பேசவில்லை, இணையம் பார்க்கவில்லை, படிக்கவில்லை, வேகநடையும் போகவில்லை. நாள் முழுக்க உங்கள் கவனம் யாருக்காவது, எதற்காவது செலவாகிக்கொண்டே இருக்கிறது. குக்கர் விசில், மாமியாரின் மாத்திரை நேரம், போன் மணி எல்லாமே "என்னைப் பார்" என்று இழுக்கின்றன. காற்றில் அசையும் இலை அப்படி இழுப்பதில்லை. பார்த்தாலும் சரி, விட்டாலும் சரி என்று அது பாட்டுக்கு அசைகிறது. கவனம் ஓய்வெடுப்பது அங்கேதான்.

சரி, எப்படித் தொடங்குவது? உங்கள் பகுதியில் நடேசன் பூங்கா இருக்கிறது. நடப்பவர்களோடு சேர்ந்து சுற்றாமல், ஓரமாக ஒரு பெஞ்சைப் பிடித்து உட்காருங்கள். அவ்வளவு தூரமும் முடியாதென்றால் தெருவில் நிழலுள்ள ஒரு மரம் போதும். கோடையின் தொடக்கத்தில் புங்கமரத்தடியில் நின்றிருக்கிறீர்களா? தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி பூ கிடக்கும், மேலே தேனீ ரீங்காரம் விடாமல் கேட்கும், பழுத்த இலைகள் உதிர்ந்த கிளையில் பளபளவென்று இளந்தளிர். ஒரே ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் வீட்டு நினைப்புதான் ஓடும். ஓடட்டும், எழுந்து வந்துவிடாதீர்கள்.

காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் போவது நல்லது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் ஒழுங்குக்கு வரும், ராத்திரித் தூக்கத்துக்கு அது உதவும். டெங்கு கொசு கடிப்பதும் பகலில்தான் என்பதால் கை கால் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயிலில் எட்டரைக்கு மேல் வேண்டாம்.

பி.பி. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இரண்டு மாதம் இப்படிப் போய்வந்து, வீட்டில் எடுத்த அளவுகளை எழுதிக்கொண்டு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், முடிவு அவருடையது. குறட்டை உண்டென்றால் அதையும் சொல்லுங்கள், பி.பி.க்கும் தூக்கக் கோளாறுக்கும் அதோடு தொடர்பு இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு விடாமல் இருந்தால் மரத்தடியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களை இரண்டு இரண்டு பேராக ஒப்பிட்டு ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. உங்கள் மாமியார் நாளெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்? ஜன்னல் பக்கம் மரம் இருந்தால் கட்டிலை அங்கே நகர்த்துங்கள். இல்லையென்றால் ஜன்னல் கம்பியோரம் இரண்டு தொட்டிச் செடியும், காக்கைக்கும் அணிலுக்கும் கொஞ்சம் சோறும் வையுங்கள். கட்டிலை நகர்த்துவதற்கு முன் அந்த இடத்தில் அவர் தலை இருக்கும் உயரத்தில் நீங்களே ஒரு முறை படுத்துப் பாருங்கள். நின்றால் தெரிகிற மரம் படுத்தால் தெரியாமல் போகலாம்.