சீட்டுக் காசில் கிரிப்டோ: எவ்வளவு போடலாம்?

கேள்வி: எனக்கு வயது 24. சொந்த இடம் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. கொழும்பில் துணிக்கடையில் வேலை, மாதம் 62,000 ரூபாய் கைக்கு வரும். வீட்டுக்கு 25,000 அனுப்புகிறேன். இந்த மாதம் சீட்டு விழுந்து 150,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. மாதம் 10,000 வீதம் இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டும். அம்மாவின் சங்கிலி 60,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. கூட வேலை செய்பவர் கிரிப்டோவில், அதாவது பிட்கொயின் போன்ற இணையக் காசில், போடச் சொல்கிறார். முழுவதையும் போடலாமா, பாதியைப் போடலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு ஒரு ரூபாயும் போட வேண்டாம். ஏழெட்டு மாதம் கழித்து, மாதம் 1,000 ரூபாய் வரை போடலாம். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் இது நீங்கள் எழுதி அனுப்பிய கணக்கிலிருந்தே வரும் பதில்தான்.

கையில் இருக்கும் 150,000 முழுவதும் உங்களுடையது அல்ல. நீங்கள் இதுவரை கட்டியது 80,000. மிச்சம் 70,000 மற்றவர்கள் கட்டிய காசு, நீங்கள் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். சீக்கிரம் விழுந்த சீட்டு என்றால் அது வட்டியில்லாத கடன்தான். கடன் வாங்கிய காசை கிரிப்டோவில் போடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஊரில் தீபாவளி முற்பணம் எடுத்து இதில் போடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அது மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுப்படும் காசு.

சரி, உங்களுடைய 80,000க்கு வருவோம். முதல் வேலை சங்கிலியை மீட்பது. அடகுத் துண்டில் வட்டி வீதம் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். மீட்ட நாளோடு அந்த வட்டி நின்றுவிடும். இவ்வளவு நிச்சயமான இலாபத்தை எந்தக் கொயினும் தராது. வட்டியும் முதலும் போக பத்துப் பதினைந்தாயிரம் மிஞ்சலாம்.

அந்த 70,000ஐத் தேசிய சேமிப்பு வங்கியிலோ வேறு வங்கியிலோ தனிக் கணக்கில் போட்டு, சீட்டுத் தவணையை அதிலிருந்தே கட்டுங்கள். அப்போது சம்பளத்தில் மாதம் 10,000 விடுபடும். அதை அவசரக் காசாகச் சேருங்கள். ஏழு மாதத்தில், ஏற்கெனவே மிஞ்சியதோடு சேர்த்து, 80,000ஐத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் மண்சரிவு அபாயம் என்று தோட்டத்து லயன் வீட்டை விட்டு எழும்பச் சொன்னால், இல்லை அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், கை வைக்க வேண்டியது இந்தக் காசில்தான். வங்கி வைப்புக்கு இலங்கையில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,100,000 ரூபாய் வரை காப்புறுதி இருக்கிறது. கிரிப்டோவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

அதற்குப் பிறகு மாதம் 1,000. மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது: சேமிப்பு ஒரு இலட்சமானால் கிரிப்டோவில் 5,000, அவ்வளவுதான். அந்த எல்லைக்கு வந்ததும், சேமிப்பு ஏறும்வரை நிறுத்திவையுங்கள். நூற்றுக்கு ஐந்து என்பது சட்டமல்ல, என் அளவுகோல். அந்த 5,000மும் முழுதாகப் போனாலும் வீட்டுக்கு அனுப்பும் 25,000 குறையக் கூடாது என்பதுதான் அதன் பின்னாலுள்ள எண்ணம்.

‘முழுதாகப் போனாலும்’ என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. 2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் ஏறக்குறைய 69,000 டொலர். ஒரு வருடத்தில் 16,000க்கும் கீழே போனது. அதே காலத்தில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதால், ரூபாயில் பார்த்தால் வீழ்ச்சி 60 வீதம் அளவில் நின்றது. இதைக் காட்டி, ‘ரூபாய் விழுந்தாலும் கிரிப்டோ காப்பாற்றும்’ என்று பேசுகிறவர்கள் உண்டு. காப்பாற்றவில்லை, விழுந்த அடி கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, அவ்வளவே. அந்த வருடம் மாவும் மண்ணெண்ணெயும் விற்ற விலை உங்கள் வீட்டாருக்கு மறந்திருக்காது. பிட்கொயின் பிறகு மீண்டு பழைய உச்சத்தையும் தாண்டியது உண்மைதான். ஆனால் 2022 மே மாதம் லூனா என்ற கொயின் சில நாட்களிலேயே ஒன்றுமில்லாமல் போனது, மீளவே இல்லை. அதே வருடம் நவம்பரில், கிரிப்டோ வாங்கி விற்கும் எஃப்.டி.எக்ஸ் என்ற பெரிய பரிமாற்றகம் முறிந்து, வாடிக்கையாளர் காசு உள்ளே மாட்டிக்கொண்டது.

‘ஒரு சதத்துக்குக் கிடைக்கும் கொயின், ஒரு டொலர் ஆனால் கோடீஸ்வரன்’ என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். எத்தனை கோடி கொயின் புழங்குகிறது என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை. பிட்கொயினையும் பத்துக் கோடிப் பங்காகப் பிரிக்கலாம், 1,000 ரூபாய்க்கும் வாங்கலாம்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மத்திய வங்கி 2018இலிருந்தே இதைப் பற்றி எச்சரித்து வருகிறது. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி, கடன் அட்டையையோ டெபிட் அட்டையையோ கொண்டு கிரிப்டோ வாங்க அனுமதி இல்லை. அதனால்தான் பலர் பீ-டூ-பீ என்று முகம் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டு வாங்குகிறார்கள். விற்கும்போது உங்கள் கணக்குக்கு வரும் காசு யாரையோ ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், கணக்கு முடக்கப்பட்டு விசாரணைக்குப் போக வேண்டி வரலாம். சம்பளம் விழும் கணக்கை இதற்குப் பாவிக்கவே வேண்டாம்.

உங்கள் நண்பர் சொல்வது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. ‘மூன்று மாதத்தில் இரட்டிப்பு, இரண்டு பேரைச் சேர்த்தால் கமிஷன்’ என்றால் அது பிரமிட் திட்டம், கொயின் என்ற பெயர் வெறும் சட்டைதான். அப்படிப்பட்ட திட்டத்தைத் தொடங்குவதும் நடத்துவதும் பரப்புவதும் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். தோட்டத்தில் இது பரவும் வேகமே வேறு. ஒரு லயனில் ஒருவர் சேர்ந்தால் மாமா, சித்தி, பக்கத்துக் காம்பரா என்று எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். காசு போன பிறகு அதே வாசலில்தான் தினமும் முகம் பார்க்க வேண்டும்.

ஏழு மாதம் கழித்தும் ஆசை இருந்தால், முதல் 1,000 ரூபாய்க்கு வாங்கிய வாரத்திலேயே பாதியை விற்று, சம்பளம் விழாத வேறொரு வங்கிக் கணக்குக்கு எடுத்துப் பாருங்கள். ‘எடுக்க வேண்டுமென்றால் முதலில் வரி கட்டுங்கள், இன்னும் கொஞ்சம் போடுங்கள்’ என்று அந்தத் தளம் கேட்டால், உள்ளே இருக்கும் மிச்சத்தை மறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.