ஓட்டாத வண்டிக்கு மாதம் 3,340 ரூபாய்

கேள்வி: குன்றத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை, கையில் வருவது 24,000 ரூபாய். மனைவி தையல் யூனிட்டில் 9,000 ரூபாய் வாங்குகிறார். ஒரே பையன். என்னை வாட்டுவது பஸ் செலவுதான். வெள்ளை போர்டு (சாதா) பஸ்ஸுக்கு நின்றால் வேலைக்கு லேட், அதனால் டீலக்ஸில் ஏறுகிறேன். போக 27, வர 27. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ, போக 20, வர 20. மாதம் 2,400 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சாதாரண மனிதன் பஸ்ஸில் போகவே யோசிக்க வேண்டிய காலமாகிவிட்டது. முன்பணமே இல்லாமல் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தருகிறார்கள், மாதம் 3,600 வீதம் 36 மாதம் கட்டினால் போதும் என்கிறார்கள். பெட்ரோல் செலவும் இல்லை. எடுக்கலாமா? ஏற்கெனவே 14 மாதமாக ஒரு பைக் லோன் (95,000 ரூபாய், 16 சதவீதம், மாதம் 3,340) ஓடுகிறது. அந்த வண்டி இப்போது மச்சினனிடம் இருக்கிறது, டெலிவரி வேலைக்கு வைத்திருக்கிறான். இது போக தினமும் 20 ரூபாய் ஒரு ஆப்பில் டிஜிட்டல் தங்கம் சேர்க்கிறேன், 4,000 ரூபாய் அளவுக்குச் சேர்ந்திருக்கிறது.
பெயர் வெளியிட வேண்டாம், குன்றத்தூர்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் பஸ். மச்சினன் வண்டிக்கு இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பஸ் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அது நியாயமான கோபம். 2011 நவம்பரில் கட்டணம் ஏறியது. அதற்கு அடுத்து 2018 ஜனவரியில், முந்தின நாள் மாலை அறிவித்து மறுநாள் காலையிலேயே அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சென்னையில் 3 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் ஒரே இரவில் 5 ரூபாய் ஆனது. மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு ஒரு ரூபாய் குறைத்தார்கள். அப்போது எனக்கு வந்த கடிதங்கள் இன்னும் நினைவிருக்கின்றன. பலரும் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள்: “இனி பஸ்ஸே வேண்டாம், லோன் போட்டு பைக் எடுத்துவிடுகிறேன்.” எடுத்தவர்களில் சிலர் இரண்டு வருடம் கழித்து மறுபடி எழுதினார்கள், இம்முறை லோனைப் பற்றி.

அந்த அளவுக்கு ஒரு உயர்வு அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் உங்கள் பஸ் செலவு ஏறியிருக்கிறது, அது பொய்யில்லை. காலை ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டியவர் சாதா பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. டீலக்ஸில் ஏறினால் அதே தூரத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம். போரூர் பக்கம் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்பவும் முடியாது. அப்புறம் பஸ்ஸே தெருவுக்கு வராததால் ஷேர் ஆட்டோ. உங்கள் 2,444 ரூபாயில் (26 நாளுக்கு பஸ் 1,404, ஆட்டோ 1,040) நாற்பது சதவீதத்துக்கு மேல் அந்த இரண்டு கிலோமீட்டருக்கே போகிறது. கட்டணம் என்று எல்லோரும் பேசும்போது இந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமான விஷயம். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதா பஸ்ஸில் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டுக்கு அதனால் நல்ல உதவி கிடைத்திருக்கும். ஆனால் உங்கள் மனைவியும் அந்த வெள்ளை போர்டுக்காகத்தான் தினமும் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறக்காதீர்கள், கீழே மறுபடி சொல்கிறேன்.

இனி என் கேள்வி. மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருப்பது தினமும் பஸ்ஸில் போகும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சாதா, எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஏசி பஸ்ஸும் வேண்டும் என்றால் 2,000 ரூபாய்ப் பாஸ், அது உங்களுக்குத் தேவையில்லை. அப்படியிருக்க, ஏன் தினமும் 54 ரூபாய்க்கு டிக்கெட் எடுக்கிறீர்கள்? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: “மாத ஆரம்பத்தில் ஆயிரத்தை மொத்தமாக எடுக்க முடிவதில்லை.” ஏன் முடிவதில்லை? ஐந்தாம் தேதி வாடகை 8,000 போகிறது, அதே நாள் வங்கியிலிருந்து 3,340 தானாகக் கழிந்துவிடுகிறது. ஆக, மச்சினன் ஓட்டும் வண்டிக்கு நீங்கள் தவணை கட்டுவதால், பாஸ் வாங்கக் காசில்லாமல் டிக்கெட்டுக்கு மாதம் 404 ரூபாய் கூடுதலாகவும் கொடுக்கிறீர்கள்.

14 மாதத்தில் முதல் ஐந்து மாதம் வண்டி உங்களிடம் இருந்தது. அடுத்த ஒன்பது மாதம் அவரிடம். அந்த ஒன்பதில் அவர் கட்டியது இரண்டு தவணை. மீதி ஏழு தவணை, 23,380 ரூபாய், அந்த மாதங்களில் ஒரு நாள்கூட உட்காராத வண்டிக்கு நீங்கள் கட்டியது. கணக்கில் பணம் இல்லாமல் இரண்டு முறை தவணை திரும்பியதற்கு அபராதம் 590 வீதம் 1,180. இரண்டு வருடத்துக்குப் போதுமான பாஸ் கட்டணம் இதில் போயிருக்கிறது. இன்னும் 22 தவணை பாக்கி, அது 73,000 ரூபாய்க்கு மேல்.

இதன் மேல் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ஏற்றினால் இரண்டு தவணையும் சேர்ந்து 6,940. உங்கள் சம்பளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். பஸ்ஸுக்கு 2,444 கொடுக்க முடியவில்லை என்பவர் 3,600 கட்டுவது எந்த வகையில் லாபம்? முன்பணம் இல்லை என்றால் அந்தப் பணமும், ப்ராசஸிங் கட்டணமும், இன்சூரன்ஸும் லோனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மத்திய அரசின் மானியத்தையும் 2025 ஏப்ரலில் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வாடகை வீட்டில் சார்ஜ் போட பிளக் எங்கே, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் எவ்வளவு போடுவார் என்று ஷோரூமில் யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். எலெக்ட்ரிக் வண்டியே தவறு என்று நான் சொல்லவில்லை. சொந்த வீடும் சொந்த மீட்டரும் கையில் பாதிப் பணமும் இருப்பவருக்கு அது நல்ல வண்டியாகவே இருக்கலாம். உங்களுக்கு இப்போது வேண்டாம்.

சரி, பழைய பைக்கையே திரும்ப வாங்கி ஓட்டினால்? அதையும் போட்டுப் பார்த்தேன். போக வர 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 26 நாளைக்கு 936. லிட்டருக்கு 45 கிடைத்தால் 21 லிட்டர், சென்னை விலையில் 2,100 ரூபாய். ஆயில், டயர், சர்வீஸ் என்று மாதத்துக்கு ஐந்நூறாவது ஒதுக்க வேண்டும். மொத்தம் 2,600, தவணை தனி. பாஸ் 1,000, ஆட்டோவைப் பாதியாகக் குறைத்தால் 520, ஆக 1,520. லோன் முழுசாக முடிந்த வண்டியைவிடவும் பஸ்தான் உங்களுக்கு மலிவு. வண்டியில் போனால் நேரம் மிச்சமாகும், அதை நான் மறுக்கவில்லை. களைத்துப்போய் இரவு எட்டு மணிக்கு நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்த நேரம் பெரிசு. ஆனால் அந்த நேரத்தை வாங்கும் நிலையில் நீங்கள் இந்த வருடம் இல்லை.

ஆகவே பேச வேண்டியது மச்சினனிடம். “கேட்டால் வீட்டில் சங்கடம்” என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. அதனால் முதலில் அவரிடம் போகாதீர்கள், மனைவியிடம் பேசுங்கள். 23,380 என்ற எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். ஒரு தவணையை மிச்சம் பிடிக்க அவர் எத்தனை நாள் வெள்ளை போர்டுக்கு வெயிலில் நின்றார் என்பது அவருக்குத்தான் தெரியும். தம்பியிடம் அக்கா கேட்பது வேறு, மாமா கேட்பது வேறு.

என்ன கேட்பது? மாதம் 3,340 கொடு என்று கேட்டால் நடக்காது. டெலிவரி வேலையில் பணம் அன்றன்றைக்கோ வாரத்துக்கோ வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. மாதக் கடைசியில் அவர் கையில் மொத்தமாக எதுவும் நிற்காது. தவணையை 30 ஆல் வகுத்தால் 111 வரும். தினமும் இரவு 120 ரூபாய் உங்கள் மனைவியின் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்லுங்கள். தண்டல்காரருக்குக் கட்டுவதுபோல, விடுமுறை இல்லாமல். மாதம் 3,600 சேரும். உபரியை அந்த வண்டியின் இன்சூரன்ஸுக்கு வையுங்கள். கொடுக்காத ஏழு தவணையை இப்போது பேச வேண்டாம். அதையும் சேர்த்துக் கேட்டால் வரவிருப்பதும் நின்றுபோகும்.

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. புது வண்டி வாங்கும்போது மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்கு வந்துவிடும். வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு பொதுவாக ஒரு வருடம்தான். உங்களுடையது 14 மாதம் ஆகிவிட்டது, புதுப்பித்ததாக நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை டெலிவரிக்கு ஓட்டும்போது விபத்தானால் நிறுவனம் சேதத் தொகையை மறுக்க இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் பெயரில். யார் மேலாவது மோதினால் நஷ்டஈட்டு வழக்கில் உரிமையாளர் என்று உங்கள் பெயர்தான் வரும். ஓட்டியவரிடம் முறையான லைசென்ஸ் இல்லை என்றால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பணத்தை உங்களிடமிருந்து வசூலிக்க முடியும். மச்சினனின் லைசென்ஸை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காலாவதி தேதியோடு.

இரண்டு மாதம் பாருங்கள். 120 ரூபாய் வாரத்தில் மூன்று நாள் நின்றுபோகிறது என்றால் வண்டியைத் திரும்ப வாங்கி விற்றுவிடுங்கள். அசலில் இன்னும் ஏறக்குறைய 63,000 பாக்கி இருக்கும். லோன் கொடுத்த இடத்தில் ‘ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட்’ (லோனை இப்போதே முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு) கேளுங்கள், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணமும் அதில் தெரியும். டெலிவரிக்கு ஓடிய வண்டிக்குப் பெரிய விலை வராது. பத்தாயிரம் துண்டு விழுந்தாலும் விற்பதுதான் சரி, வைத்திருந்தால் மூன்று மாதத்தில் அந்தப் பத்தாயிரத்தைத் தவணையாகவே கட்டியிருப்பீர்கள். பணத்தைக் கட்டி, லோன் தீர்ந்தது என்ற என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹைப்பாத்திகேஷனை (வண்டி லோனுக்கு ஈடு என்ற பதிவை) நீக்கி, படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் அந்த வண்டியை மறக்க வேண்டும். வாங்கினவர் “நானே மாற்றிக்கொள்கிறேன்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதற்கு நடுவில் மச்சினன் வேறு வண்டிக்கு உங்கள் பெயரில் லோன் கேட்பார், அல்லது ஜாமீன் கேட்பார். இரண்டுக்கும் முடியாது என்று இப்போதே மனைவியும் நீங்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

டிஜிட்டல் தங்கம். வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போகிறது, விற்கும்போது விலையில் இன்னும் கொஞ்சம் போகிறது. இவை தன் கட்டுப்பாட்டுக்குள் வராதவை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில் எச்சரிக்கையே விட்டது. 16 சதவீத லோன் தவணை திரும்பி அபராதம் கட்டும் ஒருவர், அதே மாதம் 600 ரூபாயை ஆப்பில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. தினம் 20 ரூபாய்தானே என்ற நினைப்பில்தான் அவர்கள் தொழிலே நடக்கிறது. நிறுத்துங்கள். சேர்ந்திருக்கும் 4,000 ரூபாயை விற்று எடுங்கள்.

அதில் 1,000 ரூபாய்க்கு ஒன்றாம் தேதி பாஸ். மீதியில் வண்டியின் இன்சூரன்ஸ். அடுத்த மாதத்திலிருந்து, தங்கத்துக்குப் போன 600-ம் டிக்கெட்டில் மிச்சமாகும் 404-ம் சேர்ந்தாலே அந்த மாதப் பாஸ் வந்துவிடும். ஐந்தாம் தேதிக்குக் காத்திருக்காமல், சம்பளம் வந்த அன்றே பாஸ் கவுண்டருக்குப் போய்விடுங்கள்.