நாய்களுடன் ஒரு கடலோரப் பயணம்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின், நானும் என் மனைவியும் எங்கள் இரண்டு நாய்களுடன் கேம்பர் வேனில் தெற்குக் கடலோரமாக நிதானமாகப் பயணம் செய்யவிருக்கிறோம். எதில் முக்கியமாகக் கவனம் வேண்டும்?

பதில்: வெப்பத்தில்தான், மற்றவையெல்லாம் அதற்குப் பின்னரே. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் மூச்சிரைத்தே உடலைத் தணித்துக்கொள்ளும் நாய்க்கு, வெயிலில் நிறுத்திய வண்டி, கண்ணாடிகளைச் சிறிது இறக்கி வைத்திருந்தாலும், அரை மணி நேரத்திற்குள்ளாகவே அடுப்பாகிவிடும் என்பதால், நீங்கள் உணவருந்தச் செல்லும்போதுகூட ஒருவர் அவற்றுடன் இருங்கள். பக் போன்ற தட்டை முக இனங்களென்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். மணலில் உங்கள் புறங்கையைச் சில நொடிகள் வைத்திருக்க முடியவில்லையென்றால், அங்கே அவற்றை நடத்தாதீர்கள்.

கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அளவு மிகுந்தால் உப்பே நஞ்சாகும். ஆகவே கரையில் இறங்கும் முன்பே நன்னீர் கொடுத்துவிடுங்கள். கரை ஒதுங்கிய பேத்தை மீனை (பந்துபோல் உப்பும் மீன்) அவை கவ்வ விடாதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாதது.

ஓடும் வண்டியில் நாய்களுக்கு மார்பைச் சுற்றி அணிவிக்கும் உடற்பட்டையிட்டுக் கட்டுங்கள். தடுப்பூசிச் சான்றிதழ்களையும் உடன் வைத்திருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நிதானத்தை நான் மனமார வரவேற்கிறேன்: ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுகள் தங்கினால், புதிய வாசனைகளுக்குப் பழகி அவை நன்றாக உறங்கும்.