படகு மோட்டார்: கடை சொல்லும் ஆண்டும் தகடு காட்டும் எண்ணும்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஃபைபர் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்கிறேன். 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் ஒன்று புதிதாக வாங்க இருக்கிறேன். கடையில் காட்டிய மோட்டார் மூன்று ஆண்டுகளாக அங்கேயே கிடப்பது என்று மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். கடைக்காரரோ, "மாடல் மாறவில்லை, இதுவும் புதுசுதான், விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா? வாரண்டி எந்தத் தேதியிலிருந்து கணக்காகும்?

பதில்: கடைக்காரர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கார்களுக்கு உள்ளதுபோல ஆண்டுக்கொரு மாடல் என்ற கணக்கு படகு மோட்டார்களுக்கு எல்லா நிறுவனங்களிலும் இல்லை. யமஹாவின் என்டியூரோ போன்ற இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் நீண்ட காலமாகப் பெரிய மாற்றமின்றியே வருகின்றன. ஆகவே "இது எந்த வருஷ மாடல்?" என்ற கேள்விக்கு எவரும் எந்தப் பதிலையும் சொல்லிவிடலாம். "இது எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது?" என்று கேளுங்கள்.

மோட்டாரைப் படகில் இறுக்கும் கிளாம்ப் பகுதியின் பக்கவாட்டில் ஒரு சிறிய தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அதில்தான் உள்ளன. மெர்க்குரி போன்ற சில நிறுவனங்கள் அங்கேயே ஆண்டையும் அச்சிடுகின்றன. மற்றவற்றில் வரிசை எண்ணைக் கொண்டுதான் கண்டறிய வேண்டும். அந்த இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுக்கு அனுப்பி இரண்டு விவரம் கேளுங்கள்: மோட்டார் எப்போது தயாரானது, அதன் வாரண்டி ஏற்கெனவே யார் பெயரிலாவது பதிவாகியிருக்கிறதா. இரண்டாவது விவரத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வாரண்டி பொதுவாக மோட்டார் தயாரான நாளிலிருந்து ஓடுவதில்லை. முதல் வாடிக்கையாளருக்கு விற்ற நாளிலிருந்து ஓடுகிறது. முன்பே யாருக்கோ விற்றதாகப் பதிவாகியிருந்தால், நீங்கள் பணம் கட்டும் நாளில் அதில் பாதி கரைந்து போயிருக்கலாம்.

மூன்று ஆண்டு பழைய இருப்பு என்பதாலேயே அது கெட்ட மோட்டார் ஆகிவிடாது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் மூன்று ஆண்டு பெரிதல்ல, ரப்பருக்குத்தான் பெரிது. குளிர்விக்கும் நீரை மேலே ஏற்றும் இம்பெல்லரின் இதழ்கள், ஓடாமல் ஒரே நிலையில் அழுந்திக் கிடந்தால் வளைந்தபடியே இறுகிவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் இதழ்கள் நிமிராமல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். எனவே புதிய இம்பெல்லர் போட்டு, கியர் ஆயிலை மாற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் துளையிலிருந்து நீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். இவற்றைச் செய்து தருவதோடு விலையும் உண்மையாகவே குறைந்தால் தாராளமாக வாங்கலாம்.

தொழிலுக்கு வாங்குகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். உல்லாசப் படகுக்கு மூன்று ஆண்டு வாரண்டி தரும் நிறுவனமே, அதே மோட்டாரைத் தொழிலுக்கு ஓட்டினால் ஓராண்டுதான் தருவது உலக வழக்கம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் உங்களுக்குரியதா என்று வாரண்டி அட்டையில் பாருங்கள். பில்லில் உங்கள் பெயர், வரிசை எண், விற்பனைத் தேதி மூன்றும் இருக்க வேண்டும். "மீன்பிடித் தொழிலுக்கு" என்றும் எழுதி வாங்குங்கள்.

எரிபொருளால் வரும் கோளாறை வாரண்டி ஏற்பதில்லை. பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றினால் உரிமை போய்விடும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. பல மோட்டார்களின் கையேடுகளோ 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் நீரை ஈர்ப்பது என்பதால் கடற்கரையில் இதன் விளைவு கூடுதலாகவே இருக்கும். இந்த மாடலுக்கு எந்தப் பெட்ரோல் பொருந்தும் என்பதைக் கடையின் முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

கடைசியாக, "நீங்கள் தொழில் செய்பவர், நுகர்வோர் அல்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே கொள்கிறது. பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகச் சொல்லி விற்பது, அதே சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

கேள்வி: நான் சென்னையில் இருக்கிறேன். நண்பர் மூலம் பழைய ஜான்சன் மோட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் 1999ஆம் ஆண்டு மாடல் என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் 1980 முதல் பல ஆண்டுகள் ஓர் எளிய குறியீடு இருந்தது. 'இன்ட்ரொடியூசஸ்' (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளுக்கும் வரிசையாக 1 முதல் 9 வரையும், கடைசி எழுத்துக்கு 0 என்றும் மதிப்பு. மாடல் எண்ணின் இறுதியில் வரும் தனி எழுத்துக்கு முந்தைய இரண்டு எழுத்துகளே ஆண்டு. அங்கே 'ஈ' (E), 'ஐ' (I) இருந்தால் 91, அதாவது 1991. 1999 என்றால் இரண்டு 'ஈ' இருக்க வேண்டும். தகடு உரிந்திருந்தால், எஞ்சின் பிளாக்கில் உள்ள வட்ட உலோக மூடியில் அதே எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றைத் தயாரித்த அமெரிக்க நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்து வாங்கிய நிறுவனமும் 2020இல் எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே வாரண்டிப் பேச்சுக்கே இடமில்லை. கியர் ஆயிலைச் சொட்டு இறக்கிப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. சீல் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.