சீடர் மர நிழலில் என்ன வைக்கலாம்?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பாத்தெல் பக்கம் வாங்கிய வீட்டின் பின்னால் வடக்குப் பக்கமாக மூன்று பெரிய சீடர் (cedar) மரங்கள், எப்போதும் பச்சையாக நிற்கும் கூம்பு மர வகை. அடியில் இரண்டு தடவை புல் விதை போட்டும் முளைத்தது கருகிவிட்டது. "மழை ஊர் என்றுதானே சொன்னார்கள், ஜூலையில் மண் ஏன் பொடியாகக் கிடக்கிறது? தண்ணீர் பில் எகிறாமல் அங்கே எதை வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புல்லை விடுங்கள். வாள் பெரணி வையுங்கள். இங்கே எல்லோரும் சுவோர்ட் ஃபெர்ன் என்பார்கள்.

நான் வந்த புதிதில் இதே மழைக் கதையை நம்பித்தான் ஏமாந்தேன். இந்த ஊருக்கு வருடத்துக்கு 40 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் மழை. சென்னையில் பெய்வது இதைவிட அதிகம். இங்கே அது அக்டோபரிலிருந்து வசந்தம் வரை தூறல் தூறலாக விழுவதால் எப்போதும் மழை என்று தோன்றுகிறது. ஜூலையில் ஒரு அங்குலம்கூடத் தேறாது. போதாததற்கு உங்கள் சீடர் மரங்கள் குடை பிடித்து நிற்கின்றன. விழுகிற தூறலில் பாதி இலையிலேயே தங்கிக் காய்ந்துவிடும், கீழே வருவதை மரத்தின் மேல்வேர் குடித்துவிடும். ஒரு ஆகஸ்ட் மாதம் தூறல் நின்ற கையோடு மரத்தடியில் தோண்டிப் பார்த்தேன். மேலே நகக்கண் அளவு ஈரம், இரண்டு விரல் கீழே சாம்பல் மாதிரி மண்.

இந்தப் பெரணி அந்த மண்ணுக்கே பிறந்தது. அலாஸ்காவின் தெற்கோரத்திலிருந்து கலிபோர்னியா வரை கடற்கரையோரக் காடுகளில் சீடருக்கும் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத்துக்கும் அடியில் தானாக வளர்வது. குளிர்காலத்திலும் பச்சை மாறாது. நன்றாக வேர் பிடித்துவிட்டால் மூன்று, நான்கு அடி உயரத்துக்கு நீரூற்று மாதிரி விரியும். மான்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. பாத்தெலில் இது சின்ன விஷயமில்லை, போகப் போகத் தெரியும்.

வாங்கும்போது கவனம். நம் பக்கம் திண்ணையில் தொட்டியில் தொங்குமே ஒரு பெரணி, அதன் இனத்தையும் சுவோர்ட் ஃபெர்ன் என்றே சில இடங்களில் விற்பார்கள். அது இங்கத்திய குளிருக்குத் தாங்காது. தொட்டியில் செருகியிருக்கும் பெயர்ச் சீட்டில் பாலிஸ்டிக்கம் முனிட்டம் (Polystichum munitum) என்ற அறிவியல் பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். பக்கத்திலேயே லேடி ஃபெர்ன் வைத்திருப்பார்கள், பார்க்க இதைவிட அழகு. ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், குளிர்காலத்தில் மொத்தமாக மடிந்தும் போகும். சந்தேகம் வந்தால் ஒரு சிற்றிலையை விரலில் பிடித்துப் பாருங்கள். அடியில், தண்டோடு சேரும் இடத்தில், மேல்நோக்கிக் கட்டைவிரல் மாதிரி சின்னதாக ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும். வாளின் கைப்பிடி மாதிரி என்பார்கள். அது இருந்தால் நம் ஆள்தான்.

அதே இலையைத் திருப்பினால் அடியில் இரண்டு வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் தெரியும். முதல் வருடம் நான் அதைச் செதில் பூச்சி என்று நினைத்து, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடித்தேன். போகவில்லை. பொட்டு இருந்த இலையை எல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டேன். நல்ல ஆரோக்கியமான செடி, பாவம், மொட்டையாக நின்றது. அதெல்லாம் வித்துத்தூள் பைகள். பெரணிக்குப் பூ ஏது, விதை ஏது, இதை உதிர்த்துத்தான் இனம் பெருக்குகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நடுவதற்கு அக்டோபர், நவம்பர்தான் சரி. வசந்தத்தில் நர்சரிகள் ஆசை காட்டும், ஆனால் நட்ட மூன்றாம் மாதமே வறட்சி வந்து நிற்கும். பெரிய தொட்டிச் செடி வாங்காதீர்கள். சீடர் வேர்களுக்கு நடுவே பெரிய குழி தோண்டவே முடியாது, வேரை வெட்டினால் மரத்துக்குக் கேடு. ஒரு கேலன் தொட்டி போதும். கையால் துழாவி, வேருக்கு இடையில் இடம் கிடைத்த இடத்தில் நடுங்கள், வரிசை பார்க்க வேண்டாம். மூன்று அடி இடைவெளி இருக்கட்டும். முதல் வருடம் வெறிச்சென்றுதான் இருக்கும், பொறுங்கள். குருத்து கிளம்பும் மையம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், புதைத்தால் அழுகும். மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்காக உதிர்ந்த இலையும் மரப்பட்டைத் தூளும் போடலாம், ஆனால் அதுவும் மையத்தை மூடக் கூடாது. உரம் தேவையில்லை.

இப்போது தண்ணீர். "வறட்சி தாங்கும்" என்று சீட்டில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு நட்ட முதல் கோடையிலேயே விட்டுவிடுகிறார்கள், செடி காய்ந்ததும் சீட்டைத் திட்டுகிறார்கள். அது வேர் பிடித்த செடிக்குப் போட்ட சீட்டு. முதல் இரண்டு கோடையில் ஜூலை தொடங்கி மழை திரும்பும் வரை வாரம் ஒரு தடவை, குழாயை மெதுவாகத் திறந்துவிட்டு நன்றாக ஊற விடுங்கள். தினமும் தெளிப்பது மேல்மண்ணுக்குத்தான் போகும். மூன்றாம் வருடத்திலிருந்து என் பெரணிகளுக்கு நான் குழாய் பிடிப்பதே அபூர்வம். நிழல் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். 2021 ஜூன் 28 அன்று இங்கே வெயில் 108 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதே, அன்று மேற்கு வெயில் பட்ட ஓரத்தில் இருந்த இரண்டு செடிகள் அப்பளம் மாதிரி கருகின. மரத்தடியில் இருந்தவை அசையவில்லை. கருகியவையும் அடுத்த வசந்தத்தில் துளிர்த்தன.

பழைய இலையை வருடா வருடம் வெட்ட வேண்டாம், அதுவே சரிந்து மூடாக்காகிவிடும். அசிங்கமாகத் தெரிந்தால் பிப்ரவரி கடைசியில், சுருள் குருத்து எழும்புவதற்கு முன் வெட்டுங்கள். அந்தக் குருத்தைப் பார்த்துப் பொரியல் யோசனை வரும், வேண்டாம்.

பூங்காவிலிருந்தோ காட்டிலிருந்தோ தோண்டி எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். சியாட்டிலின் சீவர்ட் பூங்காவில் சுமார் 2013 முதல் வாள் பெரணிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, காரணம் பிடிபடவில்லை. அப்படி ஒரு மண்ணை வீட்டுக்குக் கொண்டு வருவானேன்? இந்தப் பகுதியின் மண், நீர் வளப் பாதுகாப்பு அமைப்பான கிங் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் வருடந்தோறும் நாட்டுச் செடிகளை விற்கிறது. வாஷிங்டன் நேட்டிவ் பிளான்ட் சொசைட்டியும் விற்பனை நடத்துகிறது. துணைக்குச் சலால், ஆரிகன் கிரேப் என்ற இந்த ஊர்ப் புதர்ச் செடிகளையும் வைத்தால் அதே வறட்டு நிழலில் வரும்.

என் வீட்டில் பழைய தூறுகளைச் சுற்றிக் குட்டிகள் தானாக முளைத்திருக்கின்றன. மழை பிடித்ததும் சொல்கிறேன், நாலைந்து தருகிறேன். தொட்டியும் மண்வெட்டியும் நீங்கள் கொண்டு வாருங்கள். என் மண்வெட்டியின் பிடி உங்கள் மாதிரியே ஒருவர் சீடர் வேரில் குத்தியதில் உடைந்துவிட்டது.